மழைக்காலத்திற்கேற்ற எளிய கோழிக்கூடு

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வீட்டின் பின்புறத்தில் நாம் வளர்க்கும் பத்துக் கோழிகளுக்கு மழைக்காலத்தில் எத்தகைய கூடு ஏற்றது என்பதே அது. இதற்கும் ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பொருள் சிறியதுதான்; ஆனால் அதனால் வரும் இழப்பு சிறியதன்று. அதனை முதலில் கூறிவிடுகிறேன்.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு மழை என்றால் என்ன பொருள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. வெட்டிய பின்னர் மழை பிடித்துக்கொண்டால், கோப்பையில் விழ வேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்து மண்ணோடு போகிறது. அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் மேற்குக் கரைத் தோட்டங்களில் பிற்பகல்தோறும் இடியும் மழையும்தான். நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது கிளந்தான், திரங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் ஆகிய பகுதிகளில் நாள்கணக்கில் அடைமழை பெய்கிறது. வெட்டு நாள்கள் குறைகின்றன. கைக்கு வரும் பணமும் குறைகிறது. அந்த நேரத்தில் நமக்குக் கைகொடுக்க வேண்டியவை பின்கட்டிலுள்ள கோழிகள். பிள்ளைக்கு ஒரு முட்டை, விருந்தினர்க்கு ஒரு குழம்பு, அவசரச் செலவுக்கு விற்க ஒரு சேவல் என்று அவை நம் சிறு சேமிப்பாக விளங்குகின்றன. ஆனால் நடப்பது என்ன? நமக்கு அவை மிகவும் வேண்டியிருக்கும் அதே மாதங்களில்தான் அவை நோயுற்று, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன.

இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லன். நானும் பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளையே. அக்காலத்தில் பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கும். புதிய காலணிக்கும் சட்டைக்குமான பணத்தை என் தாயார் கோழி விற்றே சேர்ப்பது வழக்கம். நான் நான்காம் வகுப்பில் பயின்ற ஆண்டில் அவரிடம் பதினொரு கோழிகள் இருந்தன. நவம்பரில் மழை வலுத்தது. பறவைகள் குளிரில் நடுங்குமே என்று இரக்கங்கொண்டு, என் தந்தையார் கூட்டின் நான்கு புறமும் சாக்குகளைத் தைத்து மூடினார். காற்று புகும் இண்டு இடுக்குகளிலெல்லாம் பழந்துணியைத் திணித்தார். ஒரு வாரம் கழிந்தது. கோழிகளின் கண்கள் வீங்கின. மூக்கில் நீர் வடிந்தது. இரவெல்லாம் கர் கர் என்று மூச்சு இரைந்தது. டிசம்பர் முடிவதற்குள் எட்டுக் கோழிகள் இறந்துவிட்டன. குளிர் தாங்காமல் செத்தன என்று முடிவுகட்டி, எஞ்சிய மூன்றுக்கும் மேலும் ஒரு சாக்கைப் போர்த்தினோம். அந்த ஜனவரியில் நான் பழைய காலணியோடுதான் ஐந்தாம் வகுப்புக்குச் சென்றேன்.

என் தந்தையார் செய்தது அன்பினால் செய்த தவறு. இன்றும் பல தோட்டங்களில் அதே தவறு அதே அன்போடு செய்யப்படுவதைக் காண்கிறேன். அதனைத் தடுப்பதே இவ்வுரையின் நோக்கம்.

குளிர் பகையன்று, ஈரமே பகை

நாம் முதலில் தெளிய வேண்டிய உண்மை இதுதான்: நம் நாட்டில் வளர்ந்த கோழியைக் குளிர் கொல்வதில்லை. கோழியின் உடல்வெப்பம் 41 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. நம் உடல் வெப்பத்தைவிட நான்கு பாகையேனும் மிகுதி. அவ்வெப்பத்தைக் காக்க இயற்கை அதற்கு இறகுப் போர்வை ஒன்றை அணிவித்திருக்கிறது. இறகுகளுக்கிடையே தங்கும் காற்றே அதற்குக் கம்பளி. பனி பொழியும் நாடுகளிலும், நீர் உறையும் குளிரிலும், நெருப்பு மூட்டாத கொட்டகைகளில் கோழிகள் நலமாக வாழ்கின்றன. அமெரிக்க நாட்டு மருத்துவரான பிரின்ஸ் வுட்ஸ் என்பவர் காற்றோட்டமுள்ள கோழி வீடுகளைப் பற்றி 1924-ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். கடுங்குளிர்க் காலத்திலும் கூட்டின் முன்புறம் திறந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பனிநாட்டுக் கோழிக்கே காற்று வேண்டுமாயின், மழையிரவிலும் 22, 23 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் நம் தோட்டத்துக் கோழிக்குச் சாக்கு எதற்கு?

ஆனால் இறகு நனைந்துவிட்டால் கதை வேறு. நனைந்த கம்பளி நம்மைக் காக்காததுபோல, நனைந்த இறகும் கோழியைக் காக்காது. அதன் மேல் காற்றும் அடித்தால் பறவை தன் வலிமையையெல்லாம் உடல் சூட்டைக் காக்கவே செலவிட நேரும், முட்டையிடுவது நின்றுபோகும்.

ஈரம் செய்யும் இரண்டாவது தீமை, மூடிய கூட்டினுள் நிகழ்வது. கோழியின் எச்சமும் ஈரமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் எச்சத்தைச் சிதைத்து அமோனியா வாயுவை உண்டாக்குகின்றன. அமோனியாவை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் கலக்கப்படுவது அதுவே. அந்தக் கலத்தின் மூடியைத் திறக்கும்போது கண் எரிந்து மூக்கு அடைப்பதை நீங்கள் அறிவீர்கள். அதே வாயுவை ஓர் இரவு முழுவதும், ஓர் அடி உயரத்தில் அமர்ந்து கோழி சுவாசிக்கிறது. அதன் கண்ணும் மூச்சுக்குழலும் புண்படுகின்றன. புண்பட்ட இடத்தில் நோய்க்கிருமி குடியேறுகிறது. என் தாயாரின் கோழிகள் இப்படித்தான் இறந்தன என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே நான் உணர்ந்தேன்.

மூன்றாவது தீமை, தரையில் தங்கும் ஈரம். இரத்தக்கழிச்சல் என்னும் நோயைப் பரப்பும் நுண்ணுயிர் கோழியின் எச்சத்தோடு வெளிவருகிறது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாள்களிலேயே அது அடுத்த கோழியைத் தாக்கும் பக்குவத்தை அடைகிறது. தரை உலர்ந்திருந்தால் அதன் வலிமை குன்றுகிறது.

ஆகவே நாம் தேடவேண்டியது வெப்பமான கூடு அன்று, உலர்ந்த கூடு. இதனை விளங்கிக்கொள்ள நம் தொழிலிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மழைக்காலத்தில் பால்மரத்திற்கு மழைக்காப்பு கட்டுகிறோமே, அப்போது மரம் முழுவதையும் சாக்கால் சுற்றுகிறோமா? இல்லை. வெட்டும் பட்டைக்கு மேலே ஒரு தாழ்வாரம்போல் மட்டும் அமைக்கிறோம். மேலிருந்து வழியும் நீர் தடைப்படுகிறது. பட்டைக்குக் காற்று படுகிறது. பட்டையைக் காற்றின்றிப் பொதிந்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது நமக்குத் தெரியும். மரத்திற்குச் செய்யத் தெரிந்த அதே நன்மையைத்தான் கோழிக்கும் செய்யுமாறு கேட்கிறேன்.

மூவகைக் கூடுகள்

நம் தோட்டங்களில் இன்று காணப்படும் கூடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பஞ்சாரம் அல்லது பலகைப் பெட்டி. அடுப்படித் தாழ்வாரத்திலோ வீட்டுத் திண்ணையிலோ இரவில் கோழிகளைக் கவிழ்த்து வைப்பது. செலவில்லாதது, திருட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இரண்டு மூன்று கோழிகளுக்கு இது போதும். ஆனால் பத்துக் கோழிகளை இதில் அடைத்தால் இட நெருக்கடி உண்டாகும். அவை தம் எச்சத்தின் மீதே படுக்க நேரும். சமைக்கும் இடத்திற்கும் சிறுபிள்ளைகள் தவழும் இடத்திற்கும் அருகே எச்சமும் பேனும் சேர்வதும் நன்றன்று.

இரண்டாம் வகை, தரைக் கொட்டகை. மண்தரையிலோ சிமெண்டுத் தரையிலோ நான்கு அங்குல உயரத்திற்கு மரத்தூளோ நெல் உமியோ பரப்பிக் கோழிகளை அதில் விடுவது. பெரிய பண்ணைகளுக்கு இது ஏற்றது. சிமெண்டுத் தரை உயர்ந்து, கூரை நன்கு நீண்டு, தூளை நாள்தோறும் கிளறி நனைந்த பகுதியை அகற்ற ஆளும் இருந்தால் வீட்டிற்கும் ஏற்றதே. ஆனால் தாழ்ந்த மண்தரையில் இது மழைக்காலத்திற்கு உதவாது. மண்ணிலிருந்து ஈரம் மேலேறும். ஒரே இரவில் தூள் கூழாகிவிடும். விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்லும் குடும்பத்தில் தூளைக் கிளற யாருக்கு நேரம் இருக்கிறது? மரத்தூள் வாங்குவோர் பூச்சிமருந்தில் ஊறிய மரத்தின் தூளை வாங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகை, கால்மேல் நிற்கும் கூடு. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், இடைவெளி விட்டு அடித்த சட்டங்களைத் தரையாகக் கொண்டது. எச்சம் சட்டங்களின் வழியே கீழே விழுந்துவிடும். கோழி அதன்மேல் படுப்பதில்லை. கீழிருந்தும் காற்று வருவதால் எப்போதும் உலர்ந்திருக்கும். இது நமக்குப் புதியதும் அன்று, அயலானதும் அன்று. பக்கத்துக் கம்பத்து மலாய் மக்கள் தம் வீடுகளையே கால்மேல் உயர்த்திக் கட்டியவர்கள். இந்நாட்டு மழையையும் வெள்ளத்தையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் அனுபவம் அதில் இருக்கிறது. அவர்கள் கோழிகளுக்கும் அவ்வாறே கூடு கட்டுவதுண்டு. எங்கள் கோழிகள் இறந்த மறு ஆண்டு, கம்பத்திலிருந்து காய்கறி விற்க வரும் மூதாட்டி ஒருவர் எங்கள் சாக்குக் கூட்டைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, என் தாயாரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று தம் கூட்டைக் காட்டினார். அதன்பின் எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் கோழி இறப்பது அரிதாயிற்று.

பத்துக் கோழிகளை வளர்க்கும் தோட்டத்துக் குடும்பத்திற்கு இம்மூன்றாம் வகையே சிறந்தது என்பது என் கருத்து. அதனைக் கட்டும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தாள் வைத்திருப்போர் குறித்துக்கொள்ளலாம்.

அளவுகள்

ஒன்பது பெட்டையும் ஒரு சேவலும் உள்ள கூட்டத்திற்கு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் போதும். அதாவது 24 சதுர அடி; ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடிக்கு மேல் வருகிறது. மழை விடாத நாளில் பகலிலும் அவை உள்ளேயே தங்க நேருமாதலால், இதற்குக் குறைக்க வேண்டா. உட்புற உயரம் முன்பக்கம் நான்கடி, பின்பக்கம் மூன்றடி இருக்கட்டும். கூரைத் தகரத்திற்கு அந்த ஓரடிச் சரிவு போதும். அத்தாப்புக் கூரையாயின் சரிவு இன்னும் செங்குத்தாக வேண்டும். இல்லையேல் நீர் ஓடாமல் ஓலையில் தங்கி ஒழுகும்.

கூரையே இக்கூட்டின் உயிர். அது நான்கு புறமும் சுவரைத் தாண்டி இரண்டடி நீண்டிருக்க வேண்டும். பலர் தகரத்தை மிச்சம் பிடிக்க எண்ணிக் கூரையைச் சுவரோடு நிறுத்திவிட்டு, பிறகு சாரலைத் தடுக்கச் சாக்கு கட்டுகிறார்கள். கூரையில் மிச்சம் பிடித்த இரண்டடியே பின்னர்க் கோழியைக் கொல்கிறது. தகரக் கூரைக்குக் குறை ஒன்று உண்டு. மழைக்கிடையே வெயில் காயும்போது அடுப்புபோல் சுடும். அதன்மேல் தென்னங்கீற்றையோ செம்பனை மட்டையையோ பரப்பிக் கயிற்றால் கட்டினால் சூடும் தணியும்; மழை இரைச்சலும் குறையும்.

தரைக்கு மூங்கிலை ஓரங்குல அகலத்திற்குப் பிளந்து, கணுக்களைச் சீவி, வழவழப்பான புறம் மேலே இருக்குமாறு அடியுங்கள். சட்டத்திற்குச் சட்டம் முக்கால் அங்குல இடைவெளி விடுங்கள். அதற்குக் குறைந்தால் எச்சம் அடைத்துக்கொள்ளும். மிகுந்தால் கோழியின் கால் சிக்கிக்கொள்ளும்.

கால்களுக்கும் சட்டத்திற்கும் மரம் தேடும்போது ஓர் எச்சரிக்கை. மறுநடவுக்காக வெட்டிச் சாய்த்த பால்மரம் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். அதனை அப்படியே மண்ணில் நடாதீர்கள். மருந்து ஏற்றாத பால்மரத்தில் மாச்சத்து மிகுதியாதலால், துளைக்கும் வண்டும் பூஞ்சணமும் விரைவில் பற்றும். பழைய வீட்டிலிருந்து பிரித்தெடுத்த உறுதியான சட்டங்களோ இரும்புக் குழாயோ கிடைத்தால் கால்களுக்கு அவையே நல்லவை. மரக்கால்களின் அடியில் கல்லோ சிமெண்டுக் கட்டியோ வைத்து, மரம் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர்கள் எப்படி இருக்க வேண்டும்? மழைக்காற்று எந்தத் திசையிலிருந்து உங்கள் வீட்டை அடிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த ஒரு பக்கத்தில் மட்டும், தரைச்சட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரம் வரை பலகை அடியுங்கள். உறங்கும் கோழியின் தலைக்கு மேல் வரை அது மறைக்கும். அதற்கு மேலும், மற்ற மூன்று பக்கங்களிலும், கம்பிவலையே போதும். உள்ளிருக்கும் வெப்பக் காற்று மேலே வெளியேறவும், புதிய காற்று உறங்கும் பறவைமீது நேரே மோதாமல் உள்ளே வரவும் இதுவே வழி.

கோழி தரையில் படுக்கும் பறவை அன்று. நம் தோட்டத்து ஓரங்களில் இன்றும் திரியும் சிவப்புக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் மூதாதை. அது இரவில் மரக்கிளையில்தான் அடையும். அந்த இயல்பு மாறவில்லை. ஆகவே இரண்டு அங்குலக் கனமுள்ள, விளிம்பு மழுங்கிய அடைச்சட்டங்கள் இரண்டைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் குறுக்கே பொருத்துங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு 80 அங்குலம். நான்கடிச் சட்டங்கள் இரண்டில் 96 அங்குலம் கிடைக்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று உயர்ந்திருந்தால் எல்லாக் கோழிகளும் அதன்மீதே ஏறச் சண்டையிடும்.

முட்டையிட மூன்று பெட்டிகள் போதும். ஒவ்வொன்றும் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். அவற்றில் உலர்ந்த புல்லோ வைக்கோலோ இட்டு, கூட்டின் இருண்ட மூலையில் வையுங்கள்.

முட்டையைப் பற்றி ஓர் ஐயத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பகற்பொழுது எட்டு, ஒன்பது மணியாகச் சுருங்குவதால் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்துகின்றன. அங்கே விளக்கு வைப்பதுண்டு. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணிதான். மழைக்காலத்தில் முட்டை குறைந்தால், கூட்டில் விளக்கைத் தொங்கவிடாதீர்கள். தரை நனைந்திருக்கிறதா, பறவை நோயுற்றிருக்கிறதா, இறகு உதிர்க்கிறதா, தீனி குறைந்ததா என்று பாருங்கள்.

இரவுப் பகைவர்

மழையிரவில் மரநாயும் மலைப்பாம்பும் எலியும் உணவு தேடிக் கூட்டிற்கு வருவதுண்டு. பகலில் உடும்பு முட்டையையும் குஞ்சையும் கவ்விச் செல்லும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றி, மரநாயை வெளியே நிறுத்தாது. பற்றுவைத்த அரை அங்குலக் கண் வலையே நம்பத் தக்கது. விலை சற்று மிகுதிதான். எல்லாப் பக்கங்களுக்கும் வாங்க இயலாதவர்கள் அடைச்சட்டத்திற்கு அருகிலுள்ள பக்கங்களுக்கேனும் அதனை அடித்து, மற்ற இடங்களில் சட்டங்களை நெருக்கி அடிக்கலாம். கதவுக்குத் திருகுதாழ் இடுங்கள், கயிற்றுமுடிச்சு போதாது. ஒவ்வொரு காலிலும் இரண்டடி உயரத்தில் ஓரடி அகலத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலி ஏற முடியாது. கோழிகள் ஏறும் சாய்பலகையை மாலையில் எடுத்துவிடுங்கள்.

கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய டின்களில் நிறுத்துவது சில இடங்களில் வழக்கம். எறும்பு வராதுதான், ஆனால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு அங்கே முட்டையிடும். கோழிகளுக்கு அம்மை நோயைக் கொண்டுவருவதும் கொசுவே. ஆகவே கூட்டைச் சுற்றி எந்தக் கலத்திலும் மழைநீர் தேங்கவிடாதீர்கள். களைக்கொல்லியோ, பாலை உறையவைக்கும் அமிலமோ இருந்த டின்னைக் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பழக்கம் அறவே கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அதன் பழைய டின்கள் எங்கோ ஒரு மூலையில் கிடக்கக்கூடும்.

இடம் தேர்தல்

எவ்வளவு நல்ல கூடாயினும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. பள்ளத்திலும் சாக்கடை ஓரத்திலும் வைக்காதீர்கள். 1971 ஜனவரியிலும், 2014 டிசம்பரிலும், 2021 டிசம்பரிலும் இந்நாடு கண்ட பெருவெள்ளங்களை நாம் மறக்கவில்லை. மேட்டிலும், காலை வெயில் படும் இடத்திலும் வையுங்கள். பெரிய மரத்தடி நிழலாக இருக்கிறதே என்று மயங்க வேண்டா. மழை நின்ற பின்னும் இலைகளிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டும். புயற்காற்றில் கிளை முறிந்து விழும். கிணற்றிற்கும் அடுப்படிக்கும் எட்டவும், இரவில் கோழி கூவினால் உங்கள் காதில் விழும் தொலைவிலும் அமையட்டும். லயத்து வீடுகளில் அண்டைவீட்டார் சன்னலுக்கு நேரே வைத்துவிட்டு மனத்தாங்கலுக்கு இடம் கொடாதீர்கள். கட்டுமுன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் முறை.

கூட்டைச் சுற்றி அரையடி ஆழத்தில் ஒரு சிறு வடிகால் வெட்டுங்கள். கூட்டின் அடிப்பகுதியை வலையாலோ மட்டையாலோ மறைத்து, கோழிகள் அங்கே நுழைந்து எச்சத்தைக் கிளறாமல் செய்யுங்கள். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் எச்சத்தை வாரிக் குழியில் இட்டு மக்கவையுங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்ல எரு. பச்சையாக மட்டும் இட வேண்டா, வேர் கருகும். முன்புறக் கூரையின் கீழ் உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த பெட்டி ஒன்றை வைத்தால், மழை நாளிலும் கோழிகள் மண்குளியல் செய்து பேனைப் போக்கிக்கொள்ளும்.

குஞ்சுகளுக்கு மட்டும் வெப்பம்

இதுவரை குளிரைப் பற்றி அஞ்ச வேண்டா என்றேன். ஒரே ஒரு விலக்கு உண்டு. இறகு முளைக்காத குஞ்சுக்கு முதல் வாரத்தில் 32 முதல் 35 பாகை வரை வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் ஏறத்தாழ மூன்று பாகை குறையலாம். தாய்க்கோழி இருந்தால் அதன் சிறகே போதும். ஆயினும் தாயையும் குஞ்சுகளையும் சட்டத்தரையில் விட்டால் குஞ்சின் கால் இடைவெளியில் சிக்கும். அவற்றை மூன்று நான்கு வாரங்களுக்கு, உலர்ந்த தூள் பரப்பிய பலகையின்மீது பஞ்சாரத்தில் தனியே வைத்து, இரவில் பூனையும் எலியும் அணுகாத இடத்தில் காப்பாற்றுங்கள். பழைய பஞ்சாரத்திற்கு உரிய வேலை இதுவே. இங்கும் பக்கங்களைச் சற்று மறைக்கலாமேயன்றி, மேற்புறத்தை மூடிவிடாதீர்கள்.

நோய்களைப் பற்றி

நல்ல கூடு பல நோய்களைக் குறைக்கும். எல்லா நோயையும் தடுத்துவிடாது. மலாய்மொழியில் சம்பார் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய் கூட்டம் முழுவதையும் சில நாள்களில் அழிக்க வல்லது. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. மழைக்கு முன்பே மாவட்டக் கால்நடை மருத்துவ இலாகாவை அணுகிக் கேளுங்கள். 2004-ஆம் ஆண்டிலும் 2017-ஆம் ஆண்டிலும் கிளந்தான் மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, நோய் பரவாதிருக்கச் சுற்றுவட்டாரக் கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. ஒரே நாளில் பல கோழிகள் திடீரென இறந்தால், மறைக்காமல் இலாகாவுக்குத் தெரிவியுங்கள். நோயுற்ற கோழியை அவசரமாக அறுத்து உண்பதும், சந்தையில் விற்றுவிடுவதும் நம் வீட்டுத் துன்பத்தை ஊருக்கே பங்கிடுவதாகும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரங்களேனும் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேருங்கள்.

ஓர் எளிய சோதனை

தோழர்களே, இத்தனை அளவுகளையும் நினைவில் கொள்வது கடினம் என்று எண்ணுவோர்க்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். நாளைக் காலை பெரட்டுக்குப் புறப்படுமுன், கூட்டருகே சென்று குந்தி அமருங்கள். கோழி உறங்கும் உயரத்திற்கு முகத்தைக் கொண்டுபோய் ஒரு முறை ஆழ மூச்சிழுங்கள். மூக்கில் காரம் ஏறினால், கண் கரித்தால், அந்தக் கூடு கோழிக்கு ஆகாது. நம் மூக்கிற்குத் தெரிய வருகின்ற அளவே ஏறத்தாழக் கோழிக்குத் தீங்கு தொடங்கும் அளவு. பிறகு கூட்டின் தரையைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை நனைந்தால் கூரையை நீட்டுங்கள், தரையை உயர்த்துங்கள். கை உலர்ந்தும் காரம் ஏறினால் சுவரைத் திறந்துவிடுங்கள். இவ்விரண்டையும் செய்ய எந்தக் கருவியும் வேண்டா. எந்த அதிகாரியும் வேண்டா.

புதிய கூடு கட்ட இந்த மாதம் இயலாதவர்கள் வருந்த வேண்டா. வரும் ஞாயிற்றுக்கிழமை முதலில் சாக்கை அவிழ்த்துவிடுங்கள். அன்றே கூரையில் ஒரு பழைய தகரத்தைக் கூட்டி நீட்டுங்கள். மறுவாரம் இரண்டு அடைச்சட்டங்களைப் பொருத்துங்கள். சட்டத்தரையும் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூங்கிலைப் பிளந்தால் வேலையும் பாதி, செலவும் பாதி.

மழையைப் பெய்யாதே என்று நாம் சொல்ல இயலாது. வெட்டு நாள்கள் குறைவதையும் நம்மால் தடுக்க இயலாது. ஆனால் ஜனவரியிலும் நம் கூட்டில் பத்துக் கோழிகள் உயிரோடு இருக்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது. என் தந்தையார் எடுத்த சாக்கை நீங்கள் எடுக்காமல் இருந்தாலே இவ்வுரை பயன்பட்டதாக நான் மகிழ்வேன்.